உதைபடாத முதுகு

ஜூன் 9, திங்கள்

மகள் மங்கை கொடுத்த டைரி ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எழுதுவதற்கு ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது.

காலையில் பால் வருவதற்கு முன்பே எதிர்வீட்டு ஜெயக்கொடி வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பாயில் குப்புறப் படுத்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது குதிகாலால் அவள் இடுப்பில் மூன்று முறை தட்டினேன். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்பே கால் வெளியே வந்துவிட்டதாம். அப்படிப் பிறந்தவர்கள் உதைத்தால் இடுப்புப் பிடிப்பும் முதுகுச் சுளுக்கும் விலகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பல் துலக்காமல், யாரிடமும் பேசாமல் வர வேண்டும். குணமானால் அதை வந்து சொல்லவும் கூடாது. சொன்னால் பிடிப்பு திரும்பி வந்துவிடும். ஆகவே வராமல் இருந்தால் குணமாகிவிட்டது என்று பொருள்.

சிவகாசியில் முப்பது வருடத்துக்கு மேல் உயிரியல் நடத்தியவள் நான். கரும்பலகையில் முதுகெலும்பை வரைந்துவிட்டு, மறுநாள் விடியலில் அதே முதுகெலும்பை உதைத்தும் அனுப்பியிருக்கிறேன். வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வருவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வருகிறவர்களும் இவர்கள்தான்.

இன்று நான் கவனித்தது வேறு. ஜெயக்கொடி போகும்போது அவளுடைய இடது தோள் இறங்கியிருந்தது. தண்ணீர்க் குடத்தை எப்போதும் ஒரே பக்கம் சுமக்கிறவள். உள்ளே வந்தால் என் வீட்டுக்காரர், இவர், மேசையில் கவிழ்ந்து கிடக்கிறார். காலண்டர் அச்சகத்துக்குப் புரூப் திருத்துகிறவர். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால் மூட்டை மூட்டையாகத் தாள் வந்துகொண்டிருக்கிறது. தாளுக்கும் மூக்குக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

உடம்பை வைத்திருக்கிற விதத்துக்கும் முதுகெலும்புக்கும் உண்மையில் என்ன தொடர்பு? கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

கடைவீதிக்குப் போனவள் தக்காளி வாங்க மறந்து முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீ ஆற்றுகிறவர் பின்னால் சாய்ந்து நிற்கிறார், அது நல்லதுதான். தையல்காரர் கூனல். செல்போன் பார்க்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தலை, உடம்பை விட்டு ஒரு அடி முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

பிள்ளைகளுக்கு முதுகெலும்பைப் புரியவைக்க இட்லித் தட்டைக் கொண்டுபோவேன். தட்டுகள் முள்ளெலும்புகள். நடுவில் போகிற கம்பி இருக்கிறதே, அதற்குப் பதிலாக ஒரு ஓட்டை இருப்பதாகவும், அதற்குள் மெல்லிய பூச்சரம் ஒன்று தொங்குவதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் தண்டுவடம் என்பேன். மூளையிலிருந்து கைக்கும் காலுக்கும் போகிற சேதியெல்லாம் அந்தச் சரத்தின் வழியாகத்தான் போகிறது. உடனே ஒரு பிள்ளை கேட்கும், "டீச்சர், சட்னி எது?"

ஜூன் 15, ஞாயிறு

கழுத்து வலி என்று சொல்லிக்கொண்டிருந்த இவருக்குப் புதுப் பைத்தியம். போனில் ஒரு வீடியோ. ஒருவர் இன்னொருவருடைய தலையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புகிறார். மடக்கென்று சத்தம். படுத்திருந்தவர் கண்ணீரோடு எழுந்து சிரிக்கிறார். கைரோபிராக்டிக் என்று பெயராம். கையாலேயே எலும்பு மூட்டுகளை அசைத்துச் சரிசெய்கிற வைத்தியம்.

"மதுரையில ஒரு பொண்ணு இத முறையாப் படிச்சிட்டு வந்து கிளினிக் வச்சிருக்காம் டீச்சர். ஒரே மடக்கு. முப்பது வருச வலி போயிருச்சாம்." கேலி செய்யும்போது என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"கழுத்தத் திருப்புறதுக்கு மதுரைக்கு எதுக்குப் போகணும்? ஒழுங்கா உக்காந்தாலே போதும்."

"ஒழுங்கா உக்காந்தா ஏகாதசி எந்தத் தேதின்னு கண்ணுக்குத் தெரியாதே."

அவருக்கு ஒரு பாடம் நடத்தினேன். மனிதத் தலை ஒரு நடுத்தரப் பூசணிக்காய் எடை இருக்கும். பூசணியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் கனம் தெரியாது. கையை நீட்டிப் பிடித்தால் தோள் கடுக்கும். தலையை முன்னால் நீட்டுகிறபோது கழுத்துத் தசைக்கும் அதுதான் கதி. சமையலறையிலிருந்து பூசணியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். நீட்டிப் பிடிக்கச் சொன்னதும் கீழே போட்டுவிட்டார்.

இரண்டு நாளைக்குப் பூசணிக் கூட்டு.

ஜூன் 19, வியாழன்

வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். இவருடைய புதுச் சட்டையில் பொத்தான் துளைகள் இறுக்கம். நான்தான் மாட்டிவிட்டேன். "மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க" என்றேன். வெட்கப்பட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

சோதனை வெற்றி. பூசணி விழுந்த அன்றே மேசைக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினேன். தாளை வைக்கச் சாய்வுப் பலகை ஒன்றும் செய்துகொடுத்தேன். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும் என்று உத்தரவு. பத்து நாளில் கழுத்து வலி பாதியாகக் குறைந்துவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அச்சகத்திலிருந்து ஒரு தாளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓரத்தில் இவர் எழுதியது மூன்றா எட்டா என்று தெரியவில்லையாம். மணி மணியாக எழுதுகிறவர். பேனா சரியில்லை என்றார். வேறு பேனா வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 28, சனி

மார்க்கெட்டில் இவருடைய ஒரு கால் செருப்பு கழன்று பின்னாலேயே நின்றுவிட்டது. இவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார். வெங்காயக் கடைக்காரர், "அண்ணாச்சி, ஒத்தச் செருப்ப எனக்கு விட்டுட்டுப் போறீங்களே, சோடி எப்ப?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தோம்.

உட்காருவதைத் திருத்தியாயிற்று. அடுத்து நடை. கால்களை அகற்றி வைத்து, நடை பழகும் குழந்தை போல நடக்கிறார்.

ஜூலை 3, வியாழன்

சுவர்ப் பயிற்சி. குதிகால், பிட்டம், தோள், தலை நான்கும் சுவரில் படும்படி நிற்க வேண்டும். பிறகு ஓர் அடி முன்னால் வந்து, கண்ணை மூடி அதே நிமிர்வை உணர வேண்டும். கண்ணை மூடியதும் சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயக்கொடி பாக்குறா, விடுங்க" என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

விடியலில் கண் விழித்தால் இவர் படுக்கையில் இல்லை. முன்னறையில் பாயை விரித்துக் குப்புறப் படுத்திருந்தார். வாயைத் திறக்காமல் கையால் முதுகைக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. கல்யாணமான புதிதில் என் மாமியார் சொன்னது, "ஊருக்கே உதைச்சாலும் கட்டினவன் மேல கால் படக் கூடாது." இத்தனை வருடத்தில் ஊரில் பாதி முதுகு என் காலுக்குக் கீழே வந்துவிட்டது, இவருடைய முதுகு மட்டும் வந்ததில்லை. அவருக்கு எத்தனையோ முறை இடுப்புப் பிடித்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடுவேன், அவ்வளவுதான். அவர் கேட்டதும் இல்லை. இன்று கேட்கிறார்.

மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜன்னல் பக்கம் போவதற்காக அவருடைய கால்மாட்டைத் தாண்டினேன். இருட்டில் என் கால் அவருடைய கணுக்காலில் பலமாக இடித்துவிட்டது. என் விரலே வலித்தது. ஐயோ என்று குனிந்து தொட்டுக் கும்பிட்டேன்.

இவர் அசையவே இல்லை. உதைக்காகக் காத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

நான் உதைக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

அவருக்குக் கோபம். "ஊருக்கெல்லாம் உண்டு, எனக்கு இல்லையா?" என்று காபியைத் தொடவில்லை.

சமாதானம் செய்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு ஈர்க்குச்சியை எடுத்துப் பாதத்தில் தொட்டேன். எங்கே தொடுகிறேன் என்று சொல்ல வேண்டும். பள்ளியில் தொடு உணர்வுப் பாடத்துக்குச் செய்கிற விளையாட்டு.

"எங்க தொட்டேன்?"

"எப்பத் தொடுவ?"

குச்சி அப்போது அவருடைய பெருவிரலில் அழுந்தி நின்றது.

அந்தப் பூசணிக்காய், பொத்தான், செருப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தனித்தனியாக எல்லா விடையையும் சரியாக எழுதிவிட்டு, கடைசியில் கூட்டத் தெரியாமல் நிற்குமே, அப்படி நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார். "மதுரைக்குன்னா வர்றேன். அந்த மடக்கு வைத்தியம்." சரி, வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும்.

ஜூலை 10, வியாழன். மதுரை

அந்தப் பெண்ணின் பெயர் பெனாசிர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வெளிநாட்டில் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்திருக்கிறாள். அறையில் முகம் வைக்க ஓட்டை விட்ட நீளமான மேசை. சுவர் ஓரம் முழு முதுகெலும்பின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று தொங்கியது. எங்கள் பள்ளியில் அப்படி ஒன்று வாங்கித்தரச் சொல்லி எத்தனை தரம் எழுதியிருப்பேன்! தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, தொட்டும் பார்த்தேன். இந்த நேரத்தில் அது எனக்குத் தேவையா என்று தெரியவில்லை, ஆனால் கை போய்விட்டது.

இவர் ஆசையோடு மேசையில் ஏறப்போனார்.

"இருங்கய்யா, அவசரம் இல்ல. முதல்ல நடந்து காட்டுங்க. ஒரு கால் குதிய அடுத்த கால் விரலோட ஒட்டி வச்சு, கோட்டு மேல நடக்கிற மாதிரி."

இரண்டாவது எட்டிலேயே சுவரைப் பிடித்தார்.

விரல்களை வேகமாக மூடி மூடித் திறக்கச் சொன்னாள். நனைந்த துணியைப் பிழிவது போல மெதுவாகத் திறந்தன. சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினாள். கால் எகிறி அவள் வயிற்றில் பட்டது. "உதைக்கிறது நம்ம குடும்பத்துக்கே வரும்" என்று இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நடுவிரல் நகத்தைச் சுண்டினாள். கட்டைவிரல் தானாகத் துடித்தது. கடைசியாக உள்ளங்காலில் குதியிலிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தாள். பெருவிரல் கீழே மடங்குவதற்குப் பதிலாக மெல்ல மேலே எழுந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். கைக்குழந்தைக்கு அப்படித்தான் எழும். பெரியவர்களுக்கு எழக் கூடாது. பாடம் நடத்தியிருக்கிறேன், பார்த்ததில்லை.

பெனாசிர் நாற்காலியை இழுத்துப் போட்டு இவருக்கு நேரே உட்கார்ந்தாள். "ஐயா, உங்க கழுத்துல நான் கை வைக்க மாட்டேன்."

"ஏம்மா? காசு கட்டியாச்சே."

"திருப்பித் தந்துர்றேன். கழுத்துக்குள்ள தண்டுவடம் நெரியுதுன்னு சந்தேகமா இருக்கு. ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியாத் தெரியும். இன்னைக்கே எடுக்கணும். முதுகுத் தண்டு ஆபரேஷன் பண்ற டாக்டருக்கு நானே போன் பண்றேன்."

"ஒரே ஒரு தடவ, மடக்குன்னு..."

"அந்த மடக்குல உங்க கையும் காலும் மொத்தமா விழுந்துரலாம்ய்யா. நல்லா இருக்கிற கழுத்துன்னா நானே செய்வேன். இதுல செஞ்சா நான் படிச்சதுக்கே அர்த்தமில்ல."

இவர் என்னைப் பார்த்தார். நான் முதுகெலும்பு மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் கால் அந்த முதுகில் விழுந்திருந்தால்?

வெளியே வந்த பிறகு தனியாக அவளிடம் கேட்டேன். "குனிஞ்சே வேலை பாத்ததால வந்ததாம்மா? மேசையெல்லாம் உயர்த்தி வச்சேன். கழுத்து வலிகூடக் குறைஞ்சுது."

"நீங்க செஞ்சது நல்ல காரியம் டீச்சர். மணிக்கணக்கா ஒரே மாதிரிக் குனிஞ்சா கழுத்து வலிக்கும், மாத்தி உக்காந்தா குறையும். ஆனா இது வேற. சில பேருக்குப் பிறவியிலயே உள்ள இருக்கிற வழி குறுகல். வயசாக ஆக டிஸ்க் பிதுங்கும், எலும்பு வளரும். நேரா உக்காந்தாலும் வரும். இது அதிகமா வலிக்கக்கூட வலிக்காது. அதான் ஆபத்து."

வலியைக் குறைத்துவிட்டு நோயைக் குறைத்ததாக நினைத்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

ஸ்கேன் படத்தைச் சர்ஜன் விளக்குப் பலகையில் மாட்டினார். தண்டுவடம் வெள்ளையான தண்ணீருக்கு நடுவில் சாம்பல் நாடா போல இறங்குகிறது. கழுத்தின் நடுவில் ஒரு இடத்தில் தண்ணீரே இல்லை. இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்த மாதிரி. எவ்வளவு அழகான படம் என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் செய்ய வேண்டும். செய்தால் இதற்கு மேல் மோசமாகாமல் நிற்கும். போனதில் கொஞ்சம் திரும்பலாம். தள்ளிப்போட்டால் முதலில் கை, பிறகு நடை. "ரொம்ப நாள் யோசிக்காதீங்க" என்றார்.

பஸ்ஸில் இவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். திருமங்கலம் தாண்டியதும், "கழுத்துல கத்தியெல்லாம் வேண்டாம்" என்றார்.

ஜூலை 14, திங்கள்

தெருவே வீட்டில். ஜெயக்கொடி முறுக்குத் தூக்குடன் வந்தாள்.

"என்ன டீச்சர் இது அநியாயம்? உங்க கால வீட்டுல வச்சுக்கிட்டு அண்ணாச்சி கழுத்த அறுக்கக் குடுப்பீங்களா? எனக்கு ஒரே நாள்ல சரியாச்சு." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாளாம். மூன்று முறை தரையில் துப்பினாள். நான் துடைத்தேன்.

இவர் அவளுக்கு வேண்டிய பக்கபலம் கொடுத்தார். "கேளு ஜெயக்கொடி, நல்லாக் கேளு. பாயில படுத்துக் கெடந்தேன், தாண்டிப் போயிட்டா."

இன்னொரு சாக்கும் வைத்திருக்கிறார். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் எந்த நல்ல காரியமும் தொடங்கக் கூடாது. "நானே புரூப் பாத்த காலண்டர்ல ஒரு முகூர்த்தம் கெடையாது. ஆவணி பொறக்கட்டும், பாக்கலாம்."

ராத்திரி சாப்பாட்டில் ரசம் பாதி அவர் மடியில். இருவரும் பார்க்காதது போல இருந்தோம்.

ஜூலை 16, புதன்

ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் உதை வாங்கிக்கொண்டு திரும்பி வராதவர்கள் உண்மையில் என்ன ஆனார்கள்? ஒரு ஆசிரியை, தேர்வுக்கு வராத பிள்ளைகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தால் வகுப்பு முழுக்கத் தேர்ச்சிதான். நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேனோ?

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கொத்தனார் முனியாண்டி வீடு. போன தையில் வந்தவர். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"அதச் சொல்லக் கூடாதே டீச்சர்."

"நானே கேட்டா சொல்லலாம். தோஷம் என்னோட."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள்தான் பேசினாள். "நல்லா ஆகல டீச்சர். விருதுநகர் பெரியாஸ்பத்திரியில மாத்திரை குடுத்து, மூணு மாசம் பெல்ட்டுப் போட்டாங்க. உங்க மனசு நோகுமேன்னு சொல்லல. உங்க வீட்டு வழியாவே இவரு போறதில்ல, சுத்திப் போவாரு."

பைண்டிங் வேலை பார்க்கிற சுப்புத்தாய் சிரித்தாள். "எனக்கு மறுநாளே சரியாப் போச்சு டீச்சர். நெசமாத்தான். ஆனா போன மாசம் திரும்பப் பிடிச்சப்ப நீங்க ஊர்ல இல்ல. அதுவும் மறுநாளே சரியாப் போச்சு."

இன்னும் சில வீடுகள். சிலருக்கு மாத்திரை, சிலருக்குத் தைலம், பலருக்கு எதுவும் செய்யாமலே நின்றிருக்கிறது. ஒருவர் இறந்துபோயிருந்தார், அது மாரடைப்பு, முதுகுக்குத் தொடர்பில்லை என்று அவருடைய மகன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

வீடு திரும்பும்போது கால் வலித்தது. இடது கால்தான்.

ஜூலை 18, வெள்ளி

இவர் இன்று காலை ஷேவ் செய்யும்போது கன்னத்தைக் கிழித்துக்கொண்டார். நான் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"அன்னம்." கேலி இல்லாதபோதுதான் இந்தப் பெயர் வரும். "எனக்குப் பயமா இருக்கு. ஆபரேஷன்ல எந்திரிக்காமலே போயிட்டா? உன் கால்ல ஒரு சக்தி இருக்கு. நான் பாத்துட்டுதானே இருக்கேன், எத்தனை பேரு வந்து போறாங்க. கேலி பண்ணுவேன், ஆனா நம்பாம இல்ல. ஒண்ணுமே இல்லன்னு நீ சொல்லு, நான் வர்றேன். என்கிட்ட மட்டும் சொன்னா, என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காகச் சொல்றேன்னு நினைப்பேன். ஜெயக்கொடி முன்னால சொல்லு."

அவளைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். அவளிடம் சொன்னால் சாட்சியாபுரம் வரை சொன்ன மாதிரி.

கூப்பிட்டேன். மாவுக் கையோடு வந்தாள்.

"ஜெயக்கொடி, என் கால்ல ஒண்ணும் இல்ல."

"என்ன டீச்சர் அடிபட்டுருச்சா?"

"அடிபடல. அதுல எந்தச் சக்தியும் இல்ல. உனக்குப் பிடிச்சது தசைப் பிடிப்பு. ரெண்டு மூணு நாள்ல தானா விட்டுரும். பொறுக்க முடியாத நாள் பாத்து நீ என்கிட்ட வருவ. அடுத்த நாள் எப்படியும் குறையும். கோழி கூவுறதாலயா பொழுது விடியுது?"

"அப்ப முனியாண்டி அண்ணன்?"

"அவருக்குச் சரியாகல. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போனாரு. என்கிட்ட வந்ததுல அவருக்கு நாள்தான் வீணாப் போச்சு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "அப்ப நான் விடியக்காலம் பல்லு வெளக்காம ஓடி வந்ததெல்லாம் சும்மாவா?" என்றாள். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இவர் என் பக்கம் திரும்பினார். பஞ்சு கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"சொல்லிட்டியே" என்றார்.

பிறகு மங்கைக்குப் போன் போடச் சொன்னார். திருப்பூரிலிருந்து லீவு போட்டு வர வேண்டும், ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டுமே.

"ஆடின்னீங்க?"

"ஆடியில கழுத்து நெரியாம இருக்குமா என்ன?"

ஜூலை 19, சனி

யாரும் வரவில்லை. வாசல் தெளிக்கும்போது ஜெயக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 24, வியாழன். மதுரை

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. மங்கை இட்லி வாங்கி வந்தாள். தட்டைப் பார்த்ததும் சாப்பிட முடியவில்லை.

மாலை. கண் விழித்துவிட்டார். இரண்டு கைகளையும் அசைக்கிறார்.

ஜூலை 29, செவ்வாய்

கழுத்தைச் சுற்றிப் பட்டை. குனியவும் திரும்பவும் கூடாது. வாழ்நாள் முழுக்கக் குனிந்தே இருந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டின் கோடி வரை நடந்தார். வலது கை இன்னும் மந்தம்தான். சர்ஜன் மழுப்பவில்லை: "கொஞ்சம் வரும், முழுசா வருமான்னு சொல்ல மாட்டேன். இதுக்கு மேல போகாது."

பக்கத்துக் கட்டிலில் ராஜபாளையத்துக்காரர் ஒருவர். இவருக்கு இருந்த அதே நோய். நாளைக்கு ஆபரேஷன். மத்தியானம் அவருடைய மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நீங்க சிவகாசின்னு சொன்னீங்கள்ல. அங்க ஒரு டீச்சரம்மா இருக்காகளாமே. காலால பொறந்தவுகளாம். ஒரு உதைதானாம், முடங்கிக் கெடந்தவுக எந்திரிச்சுருவாங்களாம். எங்க மாமா பொழுதுக்கும் போன் பண்றாரு, ஆஸ்பத்திரியில பேர வெட்டிட்டுக் கூட்டிட்டு வா, நாளைக்கு விடிய அங்க போயிரலாம்னு. உங்களுக்கு வீடு தெரியுமா?"

இவர் காது கேட்கிற தூரம்தான். கழுத்தைத் திருப்ப முடியாது. விழிகள் மட்டும் என் பக்கம் உருண்டு வந்து நின்றன.

ஒரு கணம், இன்னொரு ஊர்வரை என் பெயர் போயிருக்கிறதே என்று உள்ளே ஏதோ குளிர்ந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"வீடு தெரியும்" என்றேன். "அந்த டீச்சர் நான்தான்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை நேராகக் கீழே போனது, என் காலுக்கு. கும்பிடக் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பித்தவெடிப்பும் வளைந்த சுண்டுவிரலும் நன்றாகத் தெரியட்டும் என்று புடவையைக் கொஞ்சம் மேலே தூக்கி, காலை அவள் முன்னால் நீட்டிவைத்தேன்.

"நல்லாப் பாத்துக்கம்மா" என்றேன். "பாத்துட்டுச் சொல்லு. இத நம்பியா அவர எழுப்பிக் கூட்டிட்டுப் போற?"